ஐந்திணையும் ஒரு பென்டிரைவும்: டிஸ்ட்ரோ தாவல் குறித்த அகத்திணை ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினியை வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு ஒருவர் ஏன் துடைத்து அழித்துவிட்டு, அதே வேலையைச் செய்யும் வேறொன்றை அதில் ஏற்றுகிறார்? இக்கேள்விக்குப் பொறியியலில் விடை இல்லை. உளவியலாரிடம் கேட்கலாம், கட்டணம் அதிகம். தமிழில் விடை கிடைக்கும் என்பது இவ்வாய்வின் துணிபு. ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் தவிக்கும் உள்ளத்துக்கு நிலமும் பொழுதும் ஒதுக்கி, பறவையும் பறையும் கொடுத்து, இலக்கணமே எழுதிவைத்தவர்கள் நம் முன்னோர்.

முதலில் ஆய்வுப்பொருளை வரையறுப்போம். லினக்ஸ் என்பது உண்மையில் ஒரு கெர்னல் மட்டுமே. வன்பொருளை அதட்டி வேலை வாங்கும் உட்கரு அது. அதைச் சுற்றி நிறுவும் கருவி, மென்பொருள் கொண்டுவந்து சேர்க்கும் ஏற்பாடு, திரைமுகம், எழுத்துரு, சுவர்ப்படம் எல்லாவற்றையும் வைத்து மூட்டை கட்டித் தந்தால் அது டிஸ்ட்ரிபியூஷன். முறையாகச் சொன்னால் வழங்கல், செல்லமாக டிஸ்ட்ரோ. சாம்பார்ப் பொடியை நினைத்துக்கொள்ளலாம். மிளகாய், தனியா, துவரம்பருப்பு, வெந்தயம் எல்லா வீட்டிலும் அதேதான். அதற்காக இரண்டு சம்பந்திகளின் பொடியும் ஒன்றுதான் என்று கல்யாண வீட்டில் சொல்லிப் பாருங்கள்.

ஒரு டிஸ்ட்ரோவை விட்டு இன்னொன்றுக்குப் போவது தாவல் எனப்படும். குரங்கு பழத்துக்காகத் தாவுகிறது. இங்கே எல்லாக் கிளையிலும் ஒரே பழம். ஆகவே இது குரங்கிடம் காணப்படாத, மனித இனத்துக்கே உரிய நடத்தை.

ஆய்வு எல்லை: காலம், 1999 முதல் இன்றுவரை. களம், மேற்கு மாம்பலத்தில் ஒரு வாடகை வீடு, பிறகு மடிப்பாக்கத்தில் ஒரு சொந்த வீடு. தரவாளர் ஒருவர், தொழில், புரோகிராமர். தரவாளரும் ஆய்வாளரும் ஒருவரே என்பதால் நடுநிலைமைக்குப் பங்கம் வராது என்று இருவரும் ஒப்புக்கொண்டுள்ளனர். நிறுவல்களின் எண்ணிக்கையை ஒரு கோப்பில் குறித்துவந்தார். முப்பத்தொன்றுவரை கணக்கு இருந்தது. முப்பத்திரண்டாவது நிறுவலில் அந்தக் கோப்பு அழிந்தது.

கருதுகோள்: தாவுபவர் தமக்குப் பொருத்தமான டிஸ்ட்ரோவைத் தேடுகிறார்.

2. முன்னோர் வரலாறும் பெயராய்வும்

1991 ஆகஸ்ட் 25 அன்று, ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ், மினிக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பயன்படுத்துவோருக்கு ஒரு சேதி அனுப்பினார். பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாகவும், அது பெரிதாக ஒன்றும் வளராது என்றும் அதன் சாரம். நம் காப்பியங்களில் புலவர் முதலில் தம்மைத் தாழ்த்திக்கொண்டு பாடும் அவையடக்கம் உண்டு. அவையடக்கங்களில் இவ்வளவு தவறாகிப்போனது வேறில்லை.

இன்றும் உயிரோடிருக்கும் மூத்த டிஸ்ட்ரோக்கள் இரண்டும் 1993ஐச் சேர்ந்தவை. பேட்ரிக் வோல்கர்டிங்கின் ஸ்லாக்வேர் ஜூலை 17; இயன் மர்டாக் அறிவித்த டெபியன் ஆகஸ்ட் 16. இடைவெளி முப்பது நாள். தாவலுக்கு இரண்டு கிளை போதும். அந்த ஆகஸ்டில் யாரோ ஒருவர் தாவியிருப்பார் என்பதில் ஆய்வாளருக்கு ஐயமில்லை.

பெயர்களை ஆராய்வது ஆய்வேட்டு மரபு. டெபியன் என்பது மர்டாக் தம் காதலி டெப்ராவின் பெயரோடு தம் பெயர் இயனை ஒட்டிச் செய்த சொல். நம்மூரில் புதுவீட்டு வாசலில் கணவன் பெயரையும் மனைவி பெயரையும் ஒட்டி கிரானைட்டில் வெட்டுவார்களே, அதே புணர்ச்சி விதிதான். டெபியனின் பதிப்புகளுக்கு 'டாய் ஸ்டோரி' படத்துப் பொம்மைகளின் பெயர்: பஸ், வுடி, ஜெஸ்ஸி, 2023ல் புக்வோர்ம், 2025ல் டிரிக்ஸி. எப்போதும் நிலையற்றதாகவே இருக்கும் கிளைக்கு மட்டும் சிட் என்று பெயர். படத்தில் பொம்மைகளை உடைக்கும் பக்கத்து வீட்டுப் பையன் அவன். பெயரே எச்சரிக்கை, ஆனால் தாவுபவர் முதலில் கைவைப்பது அதில்தான்.

உபுண்டுவின் பெயர்களைத் தமிழர் உடனே அடையாளம் கண்டிருக்க வேண்டும். ஓர் அடைமொழி, ஒரு விலங்கு, இரண்டுக்கும் ஒரே முதலெழுத்து: 2004 அக்டோபரில் வார்ட்டி வார்ட்ஹாக், அடுத்து ஹோரி ஹெட்ஜ்ஹாக், பிறகு பிரீஸி பேட்ஜர். இது மோனை. தொடங்கியவர் மார்க் ஷட்டில்வொர்த் என்ற தென்னாப்பிரிக்கர். 2002ல் சொந்தச் செலவில் விண்வெளிக்குப் போய்வந்தவர். பூமிக்குத் திரும்பி மோனைத் தொடைக்கு வந்து சேர்ந்தார்.

ஜென்டூ என்ற டிஸ்ட்ரோவின் பெயர், நீரில் மிக வேகமாக நீந்தும் பென்குயினுடையது. அதன் வேகம் குறித்து முல்லைத் திணையில் காண்க.

3. ஆய்வு முறை

கருவி: 16 ஜிபி பென்டிரைவ் ஒன்று. வீட்டில் அதை வேறு எதற்கும் கேட்கக் கூடாது என்பது எழுதப்படாத சட்டம். மகனின் பள்ளி புராஜெக்ட் ஒருமுறை அதில் வைக்கப்பட்டு, மறுநாள் ஃபெடோராவாக மாறியிருந்தது.

முதற்சோதனை: புதிதாக ஏற்றிய எந்த டிஸ்ட்ரோவிலும் ஆய்வாளர் தட்டும் முதல் சொல் 'கொழுக்கட்டை'. காரணமாகத்தான். தமிழில் 'கொ' என்று எழுத, ஒலியில் பின்னால் வரும் உயிரின் கொம்பு கண்ணுக்கு முன்னால் வரவேண்டும், காலோ பின்னால் நிற்கவேண்டும். எழுத்தை அடுக்கும் நூலகத்துக்கு இந்த நெளிவு தெரியாவிட்டால் கொம்பு ஒரு புள்ளி வட்டத்தின் தோளில் அநாதையாகத் தொங்கும். பல ஆண்டுகள் அப்படித்தான் தொங்கியது. இன்று பெரும்பாலான லினக்ஸ் திரைகளில் அந்த அடுக்கும் வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ். அப்பெயர் பாரசீகத்தில் 'திறந்த எழுத்து' என்ற பொருள் தருவது. கொழுக்கட்டை உடையாமல் வர, பாரசீகப் பெயருள்ள ஒன்று துணைநிற்கிறது.

ஒப்பீட்டுக் குழு: ஒரே உறுப்பினர், ஆய்வாளரின் மனைவி. வங்கியொன்றில் தணிக்கைப் பிரிவில் பணி. அவர் மடிக்கணினியில் 2016ல் லினக்ஸ் மின்ட் ஏற்றப்பட்டது. புதுப்பிப்பு வந்திருப்பதாகக் கேடயச் சின்னம் காட்டினால் பால் பொங்கும்போது அடுப்பை அணைப்பதுபோல் ஒரு கையால் அழுத்திவிட்டுத் தம் வேலையைத் தொடர்வார். "இதைவிட நல்லது ஒண்ணு வந்திருக்கு, மாத்தித் தரட்டுமா?" என்று ஆய்வாளர் கேட்டபோதெல்லாம் கிடைத்த தரவு ஒன்றே: "இது ஓடுதில்ல? விடுங்க."

4. திணைப் பாகுபாடு

4.1 குறிஞ்சி: புணர்தல்

குறிஞ்சிக்குச் சிறுபொழுது யாமம். நிறுவலுக்கும் அதுவே உரித்து. பகலில் டிஸ்ட்ரோ மாற்றியவரை ஆய்வாளர் கண்டதில்லை. பெரும்பொழுதாகிய கூதிர் மட்டும் சென்னைக்குப் பொருந்தவில்லை. ஏசியை இருபத்துநான்கில் வைத்து ஈடுசெய்யப்பட்டது.

அகத்திணையில் களவு, கற்பு என இருநிலை. லினக்ஸிலும் அப்படியே. 2000ல் ஜெர்மனியின் கிளாவுஸ் நாப்பர் கொண்டுவந்த நாப்பிக்ஸ், குறுந்தகட்டிலிருந்தே நேராக ஓடும், வன்தட்டைத் தொடாது. தகட்டை வெளியே எடுத்தால் வந்துபோன சுவடே இராது. இது களவு. வன்தட்டில் பகுதி பிரித்து, உற்றார் அறியக் குடியமர்த்துவது கற்பு. களவிலேயே கற்புக்கு வழிவைத்தது உபுண்டு. 2006 முதல் அதன் தகட்டைப் போட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் 'நிறுவுக' என்றொரு சின்னம் காத்திருக்கும். எத்தனையோ பேர் சும்மா பார்க்கப் போய் அப்படித்தான் குடும்பஸ்தரானார்கள்.

உபுண்டு அப்போது கேட்டவர்க்கெல்லாம் குறுந்தகட்டைத் தபாலில் இலவசமாக அனுப்பும். 2011 வரை அந்தத் தருமம் நடந்தது. ஆய்வாளருக்கு 2005ல் வந்தது. வெளிநாட்டு உறையைப் பார்த்த தபால்காரர் நகரவில்லை. "இலவசமாக் கொடுக்கிறாங்கண்ணே" என்று விளக்கியதில் அவர் முகம் இன்னும் மலர்ந்தது. பத்து ரூபாய் கொடுக்கப்பட்டது. கட்டற்ற மென்பொருளில் 'கட்டற்ற' என்பது விலையைக் குறிக்காது, சுதந்திரத்தைக் குறிக்கும் என்று ரிச்சர்ட் ஸ்டால்மன் பல்லாண்டாக வலியுறுத்திவருவதை அன்று ஆய்வாளர் நேரடியாக உணர்ந்தார்.

குறிஞ்சியின் இன்பம் ஒரு மணி நேரம் நிற்கும். கோப்புறைகள் காலி. திரை சுத்தம். ஜூன் மாதத்துப் புது நோட்டில் முதல் பக்கத்துப் பெயரை மட்டும் கோணாமல் எழுதுவோமே, அந்த ஒரு மணி நேரம்.

4.2 முல்லை: இருத்தல்

முல்லை, காத்திருப்பின் திணை. இதில் இருவகை.

முதல்வகை, டெபியன் நிலைப்பதிப்புக்காகக் காத்திருத்தல். 2002 ஜூலையில் வுடி வந்தது. அடுத்ததான சார்ஜ் வந்தது 2005 ஜூனில். ஏறத்தாழ மூன்று ஆண்டு. கார்காலத்தில் திரும்புவேன் என்று சொல்லிப்போன தலைவன் மூன்று கார் தள்ளி வந்ததைத் தலைவி பொறுத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. ஆனால் டெபியன்காரர் பொறுத்தார். எப்போது வரும் என்று கேட்டால் 'தயாரானதும் வரும்' என்பதே விடை. சமையற்கட்டில் இவ்விடையை மாமியாரிடம் சொல்லித் தப்பித்த மருமகள் இல்லை.

இரண்டாம்வகை, ஜென்டூ. 2002ல் முதற்பதிப்பு கண்ட இதில் மென்பொருள்கள் மூலநிரலாக வரும். உங்கள் கணினிக்கென்றே வீட்டிலேயே தொகுத்துக்கொள்ள வேண்டும். கடையில் மாவு வாங்காமல் நெல்லை வாங்கிவந்து குத்துவது போன்றது. ஒவ்வொரு மென்பொருளிலும் எது வேண்டும், எது வேண்டாம் என்று நீங்களே சொல்லலாம். செயலியின் ரகத்துக்கேற்பத் தொகுப்பானுக்குக் கட்டளையிடலாம். விளைவாக வேகம் கூடும் என்பது நம்பிக்கை. பென்டியம் நான்கில் இரவு ஓபன் ஆபீஸைத் தொகுக்கவிட்டு ஆய்வாளர் படுத்தார். காலையில் டிகாக்ஷன் இறங்கியிருந்தது. ஓபன் ஆபீஸ் இறங்கவில்லை. முல்லைக்குரிய பறை ஏறுகோட்பறை என்பர். ஜென்டூவுக்குப் பறை சிபியூ விசிறி. அடுத்த அறையில் தூங்கிய தாயார் மாவு மில் ஓடுவதாகக் கனவு கண்டதாகச் சொன்னார்.

தொகுத்து முடித்தபின் ஒரு கடிதம் எழுத அந்த ஓபன் ஆபீஸ் எத்தனை நொடி முன்னதாகத் திறந்தது என்பது அளக்கப்படவில்லை. அளக்கக் கூடாது என்பதே ஜென்டூகாரரின் ஒழுக்கம்.

4.3 மருதம்: ஊடல்

மருதத்துக்கு உரியது வைகறை. காலையில் அலுவலகம் கிளம்பும் முன் புதுப்பிப்பை ஓடவிட்டு, மறுதுவக்கத்தில் திரை கறுப்பாக நின்றால் அது மருதம்.

ஊடலுக்குக் காரணம் பரத்தை. அலுவலகத்தில் பக்கத்து மேசை இளைஞரின் திரையில் சன்னல்கள் தாமாகவே ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கிக்கொண்டதை ஆய்வாளர் கண்டார். "அண்ணே, இது ஆர்ச்" என்றார் அவர். கேட்காமலே சொன்னார். ஆர்ச் பயனர் கேட்காமலே சொல்வார் என்பது உலகெங்கும் வழங்கும் கேலி, இங்கும் மெய்யானது. 2002ல் கனடாவின் ஜட் வினெட் தொடங்கிய ஆர்ச்சுக்குப் பதிப்பு எண்ணே கிடையாது. ஆறுபோல் ஓடிக்கொண்டே இருக்கும். அதில் கால்வைக்கும் நாளே உங்கள் பதிப்பு. அதன் ஆவணக் களஞ்சியமோ அத்தனை செம்மை. வேறு டிஸ்ட்ரோக்காரர்களும் சண்டையைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு வந்து படித்துவிட்டுப் போவார்கள்.

இரண்டையும் விட மனமில்லாதவர் வைத்துக்கொள்வது டூயல் பூட். ஒரே வன்தட்டில் இரண்டு குடும்பம். கணினியைப் போட்டதும் கிரப் பட்டியல் வந்து 'இன்று எந்த வீடு?' என்று கேட்கும். சில நொடிக்குள் சொல்லாவிட்டால் மூத்தவள் வீட்டுக்கே அழைத்துப்போகும். தமிழக அரசு மாணவர்க்கு வழங்கிய இலவச மடிக்கணினிகளிலும் விண்டோஸுக்குப் பக்கத்தில், சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடியாகக்கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸ் வைக்கப்பட்டது. இளையவளாக வந்தவர் பல வீடுகளில் முகம்பார்க்கப்படாமலே இருந்தார்.

4.4 நெய்தல்: இரங்கல்

நெய்தல், இழந்ததை எண்ணி இரங்குவது. இதை ஆய்வாளர் சுருக்கவே விரும்பினார், முடியவில்லை.

1999. கணினி இதழோடு இலவசமாக வந்த ஒரு குறுந்தகடு. நான்கு ஜிபி வன்தட்டு. அதில் அப்பா ஒரு மாதம் உட்கார்ந்து, இரண்டு விரலால் தட்டி, அக்கா கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கவேண்டியவர்கள் பட்டியலை ஊர்வாரியாக அடித்துவைத்திருந்தார். நிறுவும் நிரல் மரியாதையாகத்தான் கேட்டது: இருக்கும் பகுதிகள் அனைத்தையும் நீக்கலாமா? 'பகுதி' என்றால் என்னவென்று ஆய்வாளருக்கு அப்போது தெரியாது. தெரியாத கேள்விக்கு 'ஆம்' என்பது நல்ல பிள்ளையின் இயல்பு.

அப்பா திட்டவில்லை. அலமாரியிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். பிள்ளையார் சுழி போட்டார். முதலிலிருந்து எழுதத் தொடங்கினார். வில்லிவாக்கம் பெரியப்பா மட்டும் விட்டுப்போனார். அவர் வீட்டுக்குப் போனால் எங்களுக்கு இன்றுவரை மோர்தான், காபி கிடையாது.

செய்த மாற்றத்தைத் திருப்பிக்கொள்ள அறிவுலகம் கண்ட வழிகள் பல. அவற்றில் நுட்பமானது நிக்ஸ் ஓஎஸ். எல்கோ டோல்ஸ்ட்ரா நெதர்லாந்தின் யுட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் செய்த முனைவர் பட்ட ஆய்வில் வளர்ந்த நிக்ஸ் என்ற முறையே அதன் அடிப்படை. (இக்கட்டுரையில் குறிப்பிடப்படும் உண்மையான முனைவர் பட்டம் இது ஒன்றே.) கணினி முழுவதும் எப்படி இருக்கவேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதிவைத்தால் அதன்படி அமையும். ஒவ்வொரு மாற்றமும் ஒரு 'தலைமுறை'. புதியது கோணலாகிவிட்டால், கணினி துவங்கும்போதே முந்தைய தலைமுறையைத் தேர்ந்தெடுத்துத் திரும்பிவிடலாம். பெரியப்பாவை மட்டும் எந்தத் தலைமுறைக்குப் போனாலும் மீட்க முடியவில்லை.

4.5 பாலை: பிரிதல்

பாலைக்குத் தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்தே பாலையாகும் என்பது மரபு. அப்படியே எந்த டிஸ்ட்ரோவும் ஆதரவுக் காலம் முடிந்தால் பாலை.

2019ல் வெளிவந்த சென்ட் ஓஎஸ் 8ஐ நம்பி உலகெங்கும் சர்வர்கள் குடியேறின; 2029 வரை புதுப்பிப்பு உண்டென்பது அப்போதைய கணக்கு. 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது: அடுத்த ஆண்டு இறுதியோடு சரி. குத்தகை ஏழு ஆண்டுக்கும் மேலாக முன்னதாகவே முடிந்தது. ராக்கி, ஆல்மா என இரண்டு புது ஊர்கள் அகதிகளுக்காக எழுந்தன.

பெயரை இழந்து பாலையானதும் உண்டு. 1998ல் பிரான்ஸில் பிறந்த மாண்ட்ரேக் லினக்ஸ், புதியவர்க்கு எளிதானது என்று பெயரெடுத்தது. தமிழில் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்க்கு மந்திரவாதி மாண்ட்ரேக்கும் லோதாரும் வீட்டு மனிதர்கள். அந்தக் காமிக்ஸின் உரிமையாளர்கள் பெயருக்காக வழக்குப் போட்டார்கள். 2005ல் பிரேசிலின் கொனெக்டிவாவோடு இணைந்து அது மாண்ட்ரிவா ஆனது. அந்த நிறுவனமும் பின்னர் மூடப்பட்டது. மாயமாய் மறைவதில் பெயருக்குத் துரோகம் செய்யவில்லை.

4.6 கைக்கிளையும் பெருந்திணையும்

ஒருதலைக் காதல் கைக்கிளை. வைஃபை சில்லு, கைரேகை உணரி, மூடித் திறந்தால் விழிக்காத மடிக்கணினி ஆகியோர்பால் லினக்ஸ் பயனர் கொள்ளும் அன்பு இதில் அடங்கும். லினஸே 2012ல் ஃபின்லாந்தில் ஆல்டோ பல்கலைக்கழக மேடையில், வரைகலைச் சில்லு செய்யும் நிறுவனம் ஒன்றின்மீதான தம் கைக்கிளையை நடுவிரலால் தெரிவித்தார்.

பொருந்தாக் காமம் பெருந்திணை. வயது பொருந்தாமையும் இதில் சேரும். ஐம்பதைத் தாண்டிய ஆய்வாளர், சன்னல்கள் ரப்பர்போல் துள்ளித் துள்ளி வந்து உட்காரும் ஹைப்பர்லேண்ட் என்ற திரைமுகத்தை ஏற்றிக்கொண்டார். ஒவ்வொரு சன்னல் துள்ளும்போதும் படிப்புக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. நான்காம் நாள் தலைசுற்றலுக்கு மாத்திரை வாங்கப்பட்டது.

5. கருப்பொருள்: கருவிகள்

கருப்பொருளில் தெய்வம் முதலாவது. புரோகிராமருக்குத் தெய்வம், நிரல் எழுதும் எடிட்டர். அதில் இரு கலை. கோயில் யானைக்கு வடகலை நாமமா தென்கலை நாமமா என்று வழக்காடிய கதை வழங்கும் ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை.

முதற்கலை விஐ. பெர்க்லியில் பில் ஜாய் 1976ல் எழுதியது. அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ முனையத்தில் தனி அம்புக்குறி விசைகள் இல்லை. ஹெச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புகள் அச்சிடப்பட்டிருந்தன. எஸ்கேப் விசையும் இன்றைய டேப் விசையின் இடத்தில், சுண்டுவிரலுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அந்த முனையம் அருங்காட்சியகம் போய்விட்டது. அது பழக்கிய விரலசைவு மட்டும் பிராம் மோலெனார் 1991ல் வெளியிட்ட விம் வழியாக, 2014ன் நியோவிம் வழியாக, அந்த முனையத்தைப் படத்தில்கூடப் பார்த்திராத இருபது வயதுக் கைகளுக்கு வந்துசேர்ந்திருக்கிறது. நெற்றியில் நாமம் இட்டுக்கொள்ளும் விரல்போல; யார் எப்போது கற்பித்தார் என்று விரலுக்கு நினைவிராது.

விஐக்குள் நுழைந்த புதியவர் சக்கர வியூகத்தில் அபிமன்யு. வெளியேறும் வழியைக் கேட்ட கேள்வி ஒன்றை ஸ்டாக் ஓவர்ஃபுளோ தளத்தில் பத்து லட்சம் முறைக்குமேல் பார்த்திருக்கிறார்கள் என்று அத்தளமே 2017ல் தெரிவித்தது.

மறுகலை ஈமாக்ஸ். ஸ்டால்மன் 1985ல் குனூ ஈமாக்ஸாக வெளியிட்டது. அதில் எழுதலாம், கடிதம் படிக்கலாம், நாட்காட்டி வைக்கலாம், விளையாடலாம். ஸ்டால்மனே பழைய கணினித் தட்டு ஒன்றைத் தலைக்குப் பின்னே ஒளிவட்டமாக வைத்துக்கொண்டு 'ஈமாக்ஸ் திருச்சபை'யின் புனிதராக மேடையில் வேடிக்கை செய்வார். ஆகவே இதைச் சமயம் என்று சொன்னது ஆய்வாளரின் மிகையல்ல.

உணவு: ஃபில்டர் காபி. பூ: சுவர்ப்படத்தில் உள்ளது.

6. கண்டறிந்தவை

பண்டைய உரையாசிரியர் 'இதனாற் சொல்லியது யாதோ எனின்' என்று தொடங்கும் இடம் இது.

ஒவ்வொரு தாவலிலும் ஆய்வாளர் செய்ததை வரிசைப்படுத்திப் பார்த்தபோது ஓர் ஒழுங்கு புலப்பட்டது. புதிய டிஸ்ட்ரோ தந்த சுவர்ப்படத்தை முதல் நாள் ரசிப்பார்; இரண்டாம் நாள் கறுப்பாக்குவார். அது தந்த எடிட்டரை நீக்கி விம்மை வைப்பார். டெர்மினலைத் திறந்து எழுத்தைப் பச்சையாக்குவார். பிறகு பழைய கணினியிலிருந்து ஒரு சிறு கோப்புறையைக் கொண்டுவந்து வைப்பார். பெயர் புள்ளியில் தொடங்குவதால் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் அமைப்புக் கோப்புகள் அதில் உண்டு: எந்த விசை எதைச் செய்யவேண்டும், எந்தக் கட்டளைக்கு எந்தச் சுருக்கம் என்ற இருபத்தைந்து ஆண்டுப் பிடிவாதங்கள். இரண்டே எம்பி. அவற்றைக் குடியேற்றும் இடத்துக்கு லினக்ஸில் ஹோம் என்று பெயர். தமிழில் வீடு. வீடு என்பதற்கு விடுதலை என்றும் ஒரு பொருள் சொல்லிவைத்திருக்கிறோம்; பற்று விட்டால்தான் அது கிடைக்கும் என்றும். ஆய்வாளர் ஊர்தோறும் வாடகைக்குப் போய், பால் காய்ச்சி, எல்லா ஊரிலும் மேற்கு மாம்பலத்து வீட்டையே கட்டிக்கொண்டிருக்கிறார்.

எனவே கருதுகோள் மறுக்கப்படுகிறது. தாவுபவர் பொருத்தமான டிஸ்ட்ரோவைத் தேடவில்லை. அவருக்கு வேண்டியது பால் காய்ச்சும் அந்த ஒரு மணி நேரம். டோர்வால்ட்ஸ் பல ஆண்டுகளாக ஃபெடோராவிலேயே காலம் தள்ளுகிறார் என்பது இங்கு நினைக்கத்தக்கது. எந்த டிஸ்ட்ரோ என்று அவர் அலட்டிக்கொள்வதில்லை. அவருக்குக் கெர்னல் வேலை இருக்கிறது.

7. வாய்மொழித் தேர்வு

புறத்தேர்வாளராக ஒப்பீட்டுக் குழுவின் ஒரே உறுப்பினர் அழைக்கப்பட்டார். கட்டுரையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தார்; தணிக்கையாளர் பழக்கம். பிறகு எழுந்துபோய் ஆல்பத்திலிருந்து ஒரு படத்தை உருவி வந்து மேசையில் வைத்தார். 2004 பொங்கல். மாம்பலம் வீட்டில் அவர் கரும்போடு நிற்கிறார். பின்னால் பெட்டிபோன்ற மானிட்டர். திரை கறுப்பு, எழுத்துப் பச்சை.

"இது என்னது?"

"அது ரெட் ஹேட் 9. இப்ப இருக்கிறது நிக்ஸ் ஓஎஸ். ரெண்டும் அடிப்படையிலேயே வேற."

அவர் படத்தைப் பார்த்தார். மேசைமேல் ஓடிக்கொண்டிருந்த திரையைப் பார்த்தார். கறுப்பு. பச்சை.

"எனக்குத் தெரியற வித்தியாசம் ஏதாவது உண்டா?"

ஆய்வாளர் இரண்டையும் மாறிமாறி நெடுநேரம் பார்த்தார். ஒன்று இருந்தது. படத்தில் எழுத்து பொடிப்பொடியாக, ஒரு திரைக்குள் ஒரு முழு நிரலே அடங்கியிருந்தது. இன்றைய திரையில் பாதிகூட அடங்கவில்லை. அன்று எழுத்தின் அளவு பத்து. இன்று பதினெட்டு.

"எழுத்துதான் கொஞ்சம் பெரிசாயிருக்கு."

"அப்ப மாத்த வேண்டியது கண்ணாடிங்க" என்றார் புறத்தேர்வாளர். "அதை மட்டும் நாலு வருஷமா மாத்தவே இல்லை நீங்க."

பட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. கண் மருத்துவரிடம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நேரம் வாங்கப்பட்டுள்ளது. வெள்ளிக்கிழமை இரவுக்கு வேலை எதுவும் குறிக்கப்படவில்லை.